எல்லாம் ஒரே பாட்டிலில்: மூன்று வருடத்துக்குப் பிறகு

650 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது, வாங்கட்டுமா என்று நண்பன் கேட்டிருந்தான். கூடவே பாட்டிலின் படம். மீன் தொட்டிக்குள் வளரும் செடிகளுக்கான அந்தத் திரவ உரத்தை 1,150 ரூபாய் கொடுத்து வாங்கியவன் நான். மூன்று வருடத்தில் இப்போது ஓடுவது நாலாவது பாட்டில். அவன் என்னைக் கேட்டது சரிதான். ஆனால் அவன் கேட்ட அன்று காலையில்தான் ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியில் பிடித்திருந்த பச்சைப் புள்ளிப் பாசியைச் சவர பிளேடால் சுரண்டிவிட்டு எழுந்திருந்தேன். அந்தச் சூட்டோடு பதில் எழுதினால் நியாயமாக இருக்காது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். சூடு முழுக்கத் தணியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தொட்டி மூன்றடி. மண், கல், கட்டை போக உள்ளே நிற்பது 150 லிட்டர். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உண்டு, விளக்கு எட்டு மணி நேரம். மீனில் நாலு ஏஞ்சல், இருபது ரம்மி நோஸ் டெட்ரா. பின்வரிசையில் ரோட்டாலா மெக்ராண்ட்ரா. மேற்குத் தொடர்ச்சி மலையோரம் தானாக வளரும் நம் பக்கத்துச் செடி, நன்றாக வந்தால் செக்கச்செவேலென்று நிற்கும். முன்னால் கட்டையில் கட்டிய அனுபியாஸ் செடி. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் பாதிக்குப் பாதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. இந்த உரத்துக்கு முன்னால் நான் எதுவுமே போட்டதில்லை. மீன் கழிவே போதும் என்று கடையில் சொன்னதை நம்பியிருந்தேன். அனுபியாஸின் பழைய இலைகளில் ஊசியால் குத்தினதுபோல ஓட்டை விழும், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் படரும். அது பொட்டாசியம் போதாத அடையாளம் என்பதெல்லாம் அப்போது தெரியாது. பாட்டில் வந்து ஆறாவது வாரம் புது இலைகள் ஓட்டையில்லாமல் விரிந்தன. ரோட்டாலாவின் நுனி வெளிறிக் கிடந்தது, அதுவும் தேறியது. தலையில் பம்ப் வைத்த பாட்டில், ஒரு அழுத்துக்கு 2 மில்லி, என் தொட்டிக்கு நாளுக்கு ஒரு அழுத்து. காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் ஒரே குப்பியில் கெடாமல் வைத்திருப்பது சாதாரண வேலையில்லை. சாதாரணத் தண்ணீரில் ரெண்டையும் கெட்டியாகக் கரைத்துவைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கசடாக அடியில் இறங்கிவிடும், செடிக்கு இரண்டும் கிடைக்காது. இந்த பாட்டிலில் மூன்று வருடத்தில் ஒரு நாளும் கசடு பார்க்கவில்லை. தயாரித்தவர்களுக்குத் தொழில் தெரியும்.

சரி, இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன்.

சாம்பார்ப் பொடியில் உப்பையும் சேர்த்தே அரைத்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு குறைந்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் ஒரு கரண்டி பொடி போட வேண்டும், காரம் ஏறும். காரம் குறைய வேண்டுமென்றால் உப்பு போய்விடும். மூன்று வருடமாக என் தொட்டியில் நடப்பது இதுதான். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் ஒரே விகிதத்தில் கட்டிப்போட்டு வருகின்றன. ஒன்று மட்டும் வேண்டுமென்றால் வழியில்லை.

என் தொட்டியில் குறைவது பாஸ்பேட். வாங்கிய மண் முதல் வருடம் பாஸ்பேட்டை இழுத்து வைத்துக்கொண்டது, மிச்சத்தைச் செடி எடுத்துக்கொண்டது. பாஸ்பேட் வற்றினால் கண்ணாடியிலும் அனுபியாஸ் மாதிரி மெதுவாக வளரும் இலைகளிலும் பச்சைப் புள்ளிப் பாசி வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் கடுகில் பாதி இருக்கும், ஓரம் கூர்மையான வட்டம். துணியால் தேய்த்தால் போகாது. பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் கர்ர்ரென்று சத்தத்தோடு பச்சைத் தூள் பறக்கும். கண்ணாடிக்குச் சரி. இலையை எப்படிச் சுரண்டுவது? மாதத்துக்கு ஒரு இலைதான் விடும் செடி அது. புள்ளி விழுந்த இலையை வெட்டியெறிகிற ஒவ்வொரு தடவையும் ஒரு மாத வளர்ச்சி குப்பைக்குப் போகிறது.

எனவே பாஸ்பேட்டுக்காக இரண்டு அழுத்தாக்கினேன். மூன்றே வாரத்தில் புள்ளி குறைந்தது. கூடவே நைட்ரேட் ஏறியது. ஏஞ்சல்களுக்கு நான் நன்றாகச் சாப்பாடு போடுகிறவன், மீன் பக்கமிருந்தே நைட்ரேட் வந்துகொண்டுதான் இருந்தது. அதன் தலையில் பாட்டிலும் கொட்டியது. ரோட்டாலாவின் சிவப்பு வடிந்து ஒருவிதச் செம்பு நிறமாகி, பிறகு பச்சையானது. நைட்ரேட் மிஞ்சினால் அந்தச் செடி சிவக்க மாட்டேன் என்கிறது. திரும்ப ஒரு அழுத்துக்கு வந்தேன். ரோட்டாலா தேறியது, கண்ணாடியில் புள்ளி. ஒரு வருடம் முழுக்க இந்த ஊஞ்சல்.

அளந்து பார்க்காமல் சொல்லவில்லை. நைட்ரேட் டெஸ்ட் கிட்டின் இரண்டாவது குப்பியை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும், அடியில் உறைந்திருக்கும் பொடி கலங்கினால்தான் கணக்குச் சரியாக வரும். பலர் இதைச் செய்யாமல் நைட்ரேட்டே இல்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். அப்புறம் சோதனையில் வரும் அந்தச் சிவப்பு நிறம். 40-க்கும் 80-க்கும் நிற அட்டையில் ஒரே சிவப்பு மாதிரித்தான் தெரியும். அதற்கு ஒரு வழி உண்டு: தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். ஆரஞ்சுப் பக்கம் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இரண்டு அழுத்து போட்ட மாதங்களில் எனக்கு லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்ததே இல்லை.

முன்பு தொட்டி உரங்களில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்க்கவே பயந்தார்கள். 1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரண்டு தொட்டி ஆர்வலர்கள் எழுதிய கலவைக் குறிப்பு பாஸ்பேட்டைப் பட்டினி போட்டுப் பாசியை அடக்குவதைச் சொன்னது. பிறகு டாம் பார் போன்ற தொட்டி ஆர்வலர்கள் பாஸ்பேட்டைத் தாராளமாகப் போட்டும் பாசி வரவில்லை என்று காட்டினார்கள். எல்லாச் சத்தும் மிஞ்சும்படி போடு, வாரம் பாதித் தண்ணீரை மாற்று என்பது பாரின் வழி. அதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: செடி எதையுமே எடுக்காவிட்டாலும், வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால் உரத்தால் சேர்வது வார அளவின் இரண்டு மடங்கைத் தாண்டாது. இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான் பத்துக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று என்று நைட்ரேட்-பாஸ்பேட் விகிதத்தைத் துரத்துவதை விட்டேன். எது தீர்ந்துபோகிறது என்று பார்த்தால் போதும்.

போன வருடம், சத்துக்களைத் தனித்தனியாக வாங்கலாம் என்று செங்கல்பட்டில் ஒரு உரக்கடைக்குப் போனேன். சொட்டு நீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13-0-45, 0-52-34, 0-0-50 மூன்றும் அங்கே ஒரு கிலோ பாக்கெட்டில் கிடைக்கும். எண்கள் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சதவீதம். முதலாவது பொட்டாசியம் நைட்ரேட், அடுத்தது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், கடைசி பொட்டாசியம் சல்பேட். கடைக்காரர், “எத்தனை ஏக்கர் சார், வெள்ளரியா?” என்று கேட்டார். மீன் தொட்டி என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “அப்போ இது உங்க பேரன் காலத்துக்கும் வரும்” என்றார். உண்மைதான். 0-52-34 பொடியில் 0.3 கிராம் போட்டாலே என் 150 லிட்டரில் பாஸ்பேட் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் ஏறிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் 52 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு, தொட்டிக்காரர்கள் பேசும் பாஸ்பேட்டாக்கினால் கிட்டத்தட்ட 70 சதவீதம். இதைப் பார்க்காமல் போட்டால் அளவு தப்பும்.

13-0-45 பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை. நைட்ரேட்டை மீன்களே தருகின்றன. வாரம் மூன்று நாள் 0-52-34 0.15 கிராம், 0-0-50 ஒரு கிராம். இரும்பும் நுண்சத்தும் தனிக் குப்பியில், மாற்று நாட்களில். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுவேன். நாலு மாதத்தில் ரோட்டாலா எப்படி ஆனதென்றால், வீட்டுக்கு வந்தவர்கள் அது பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள். கண்ணாடியில் புள்ளி இல்லை. பாட்டில் உரத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் அலுவலக வேலையாக ஏழு வாரம் புனே போக வேண்டி வந்தது. அம்மாவிடம் தராசைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எனக்கு ஆகாதுப்பா, மாத்தி கீத்திப் போட்டுடுவேன்” என்றாள். நாலாவது பாட்டில் வாங்கியது அதற்காகத்தான். தினமும் ஒரு அழுத்து, மீனுக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் வந்து நாலு வாளி தண்ணீர் மாற்றுவான்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருந்தது. முன் கண்ணாடியில் நாலைந்து புள்ளிதான். ரோட்டாலா சிவப்பாகவே இருந்தது. நைட்ரேட் 15. நம்ப முடியாமல் திரும்ப ஒரு தடவை சோதித்தேன். என்னம்மா செய்தாய் என்று கேட்டால், “ஒரு சிட்டிகைன்னு சொன்னே, ஒரு சிட்டிகைதான் போட்டேன்” என்றாள். அவளுடைய சிட்டிகை, கோலப் பொடி எடுக்கிற விரல் நுனிச் சிட்டிகை. நான் போடுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீன்கள் மெலியவில்லை. மீன் பக்கத்து நைட்ரேட் குறைந்துபோனதும் பாட்டிலில் வரும் நைட்ரேட் சரியான அளவாகிவிட்டது. செடியும் எல்லாவற்றையும் வரிசையாகச் சாப்பிட்டிருக்கிறது.

ஆக, அந்த பாட்டில் மீன் குறைவான, சாப்பாடு அளவான தொட்டிக்குச் செய்தது. என் ஒரு வருட ஊஞ்சலில் பாதிக்கு என் கையே காரணம். இது தெரிந்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த ஒரு வரியை லேபிளில் ஏன் போடக் கூடாது? “மீன் அதிகமுள்ள தொட்டிக்கு நைட்ரேட்டைச் சோதித்துவிட்டுப் போடவும்” என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? லேபிளில் மொத்த நைட்ரஜன் இத்தனை சதவீதம் என்று இருக்கிறது. அதில் நைட்ரேட் எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று இல்லை. ஓரத்தில் எறும்பு சைஸ் எழுத்து. முன்பக்கத்தில் மட்டும் இலையும் நீர்த்துளியும் பெரிதாக. 1,150 ரூபாய் வாங்கிக்கொண்டு என்ன விற்கிறோம் என்று சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வந்த பிறகும் பாட்டிலையே இரண்டு மாதம் தொடர்ந்தேன். சுலபமாக இருந்தது, தொட்டியும் நன்றாகத்தானே இருந்தது. சாப்பாடு மட்டும் என் கைக்குத் திரும்பிவிட்டது. ஏஞ்சல் நாலும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் என்னால் ஒரு சிட்டிகையோடு நிறுத்த முடிவதில்லை. நைட்ரேட் 50. செடி வேகம் பிடித்து பாஸ்பேட்டைக் காலி செய்தது. நண்பன் கேட்ட அந்தச் சனிக்கிழமை காலை ஸ்டூல், பிளேடு.

நண்பனுடைய தொட்டி இரண்டடி, பத்து டெட்ரா, அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். நேர்மையாகச் சொன்னால் அவனுக்கு இந்த பாட்டில் பொருந்தும். 650 ரூபாய் நல்ல விலை, ஒரு வருடத்துக்கு மேலேயே வரும். இத்தனையும் தெரிந்தும் அவனுக்கு நான் எழுதிய பதில்: வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை வா, மூன்று பொடியும் என்னிடம் கிலோக் கணக்கில் இருக்கிறது, உன் லிட்டருக்கு நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருகிறேன். என்ன போடுகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அதை அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி புனே.