பொது மட்பாண்டக் கூடத்தில் சேருமுன்: சூளையைப் பார்த்துச் சேருங்கள்

பொது மட்பாண்டக் கூடத்தில் சேர வருகிறவர்கள் முதலில் எண்ணுவது சக்கரங்களைத்தான். எத்தனை இருக்கின்றன, மாலையில் காலியாகக் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். சில மாதங்கள் போனதும் சக்கரப் பேச்சே நின்றுவிடும். அடுத்த சூளை எப்போது ஏறும், அலமாரியில் இடம் இருக்கிறதா என்பதுதான் பேச்சாக இருக்கும். மாதக் கட்டணத்தில் உண்மையான மதிப்பு சூளைக்குத்தான். சக்கரம் வேண்டுமானால் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கோப்பையின் பயணத்தைக் கணக்கிட்டாலே இது புரியும். 400 முதல் 450 கிராம் மண்ணை எடுத்து வனைவது கைப்பழக்கம் உள்ளவருக்குப் பத்து நிமிட வேலை. பிறகு ஓரிரு நாள் மூடிவைத்து, நகம் பட்டால் தடம் விழும் ஆனால் வடிவம் நெளியாத பதம் வந்ததும் அடியைச் செதுக்கிக் கைப்பிடி ஒட்ட வேண்டும். முழுதாக உலர ஒரு வாரம். சுமார் 1000 டிகிரி செல்சியஸில் முதல் சுடுதல், அதன்மேல் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு, பிறகு கோன் 6 என்ற சூளை வெப்ப அளவு வரை, அதாவது 1220 முதல் 1240 டிகிரி வாக்கில், இரண்டாம் சுடுதல். ஒவ்வொரு தடவையும் சூளை நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். சுட்டபின் ஆறவே ஒரு நாள் பிடிக்கும். ஆக, கோப்பை கைக்கு வர மூன்று முதல் ஐந்து வாரம். மாதத்துக்கு எத்தனை முறை சுடுகிறார்கள் என்று கேளுங்கள். “நிரம்பும்போது சுடுவோம்” என்று மட்டும் பதில் வந்தால் ஐந்து வாரம் ஏழாகும்.

கட்டணத்தில் சக்கரம், ஒரு தட்டு அலமாரி, பொது கிளேஸ் ஆகியவை பெரும்பாலும் அடங்கும். மண்ணும் சுடுகூலியும் தனி. சுடுகூலியை எடைக்கு வாங்குகிறார்களா, அளவுக்கு வாங்குகிறார்களா என்று பாருங்கள். எடைக்கு என்றால் அடி தடித்த பாண்டம் வனையும் புதியவருக்கு நஷ்டம். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வாங்கினால் நீண்டு நிற்கும் கைப்பிடியும் காசு கேட்கும். இரண்டு சுடுதலுக்கும் ஒரே கட்டணமா என்பதையும் கேட்டுவிடுங்கள். அங்கேதான் முதல் மாதப் பில் பலரைத் திடுக்கிட வைக்கிறது.

வெளி மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்ற விதி வியாபாரத் தந்திரம்போலத் தெரியும். ஓரளவு அதுவும் உண்மைதான். ஆனால் தாழ்வெப்பத்துக்கான செம்மண் கோன் 6 சூளையில் உப்பிச் சரியும், சில சமயம் உருகி, பாண்டங்களை அடுக்கும் சூளைத் தட்டில் ஒட்டும். பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் பாண்டமும் சேர்ந்து போகும். வாங்கும் மண் எவ்வளவு சுருங்கும் என்றும் கேட்டு வையுங்கள். உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மண் பொதுவாக 10 முதல் 13 சதவீதம் சுருங்கும். 12 சதவீதம் என்றால், ஈரத்தில் 10 செ.மீ. உயரமுள்ள கோப்பை கடைசியில் 8.8 செ.மீ.தான்.

சூளையில் பாண்டம் வெடித்தால் மண்ணில் காற்றுக்குமிழி இருந்ததாகச் சொல்வார்கள். உண்மைக் காரணம் ஈரம். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே தங்கிய நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரை உடைக்கிறது. பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உலரவில்லை. அடி ஒரு செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள்.

வாரம் ஒரு நாள் மட்டும் வர முடிந்தவருக்குப் பெரிய தலைவலி செதுக்கும் பதம் தவறிப்போவது. பொது அலமாரியில் பிளாஸ்டிக் உறையை யாராவது நகர்த்திவிடுவார்கள். விளிம்பு காய்ந்து, ஒட்டிய கைப்பிடி விரிசல் விடும். இதற்கு நல்ல வழி உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் 3 செ.மீ. பிளாஸ்டர் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றி இறுகவைத்து, அதில் நீர் தெளித்து வையுங்கள். உள்ளே இருப்பது வாரக்கணக்கில் அதே பதத்தில் இருக்கும். அலமாரியில் பெட்டிக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடத்தின் தரம் கிளேஸ் வாளியில் தெரியும். கனமான பொருள்கள் அடியில் படியும். கலக்காமல் முக்கினால் மேலிருக்கும் நீர்த்த கரைசல்தான் ஒட்டும். அடிவரை சுரண்டி இரண்டு நிமிடமாவது கலக்குங்கள். முக்கி இரண்டு மூன்று விநாடியில் எடுங்கள். காய்ந்ததும் ஊசியால் கீறிப் பார்த்தால் படலம் ஒரு மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அடியிலிருந்து 5 மி.மீ. உயரம்வரை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். இரண்டு கிளேஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதானால் மேல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். வழிந்து தட்டில் ஒட்டினால் தட்டின் விலை உங்கள் கணக்கில் ஏறும். சுவரில் தொங்கும் மாதிரி ஓடுகளை முழுதாக நம்ப வேண்டாம். நீங்கள் வாங்கிய மண்ணில், இப்போதைய வாளியிலிருந்து சுட்டதா என்று கேளுங்கள். உணவுப் பாத்திரத்தின் உட்புறத்துக்குச் செம்பு அதிகமுள்ள மங்கல் பச்சை கிளேஸ்களைத் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்து நிறம் மாறினால் அந்தக் கிளேஸ் கரைகிறது என்று பொருள். மாறாவிட்டால் பாதுகாப்பு உறுதி என்று ஆகிவிடாது.

கூடத்தில் துடைப்பத்தால் மண்தூளைப் பெருக்குவதைப் பார்த்தால் அங்கே சேராதீர்கள். களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் வடு உண்டாகும். ஈரப் பஞ்சும் தரை துடைக்கும் துணியும்தான் முறை. வீணான மண்ணை மீட்கும் தொட்டியையும் எட்டிப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் அந்த மண்ணில் பிளாஸ்டர் துணுக்கு கலந்திருந்தால், சுட்ட பாண்டத்தின் மேற்பரப்பு பிறகு சில்லுச் சில்லாகப் பெயரும்.

விற்பனைக்காக மாதம் நூறு கோப்பை செய்ய நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு சரிவராது. அலமாரியும் சூளையும் அதற்கு இடம் தராது. விலகுவதாக இருந்தால் கடைசி மாதம் எதையும் புதிதாக வனையாதீர்கள். அந்த மாதம் முழுதும் முதல் சுடுதல் முடிந்தவற்றுக்குக் கிளேஸ் போடவே தேவைப்படும். தவணை தாண்டி அலமாரியில் கிடப்பவை பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும்.