ஒரு நாள் பரிசோதனையா, பல வருடக் கண்காணிப்பா?

தொழிற்சாலையில் தீ அணைந்ததும் ஒரே நாளில் முகாம் போட்டு எல்லாரையும் பார்த்து அனுப்பிவிடலாம். அல்லது அதே தொழிலாளர்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி உயிரைக் காப்பது. ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு, சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே 4 முதல் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தாமதித்து ரத்தம் எடுத்தால் தடயமே இருக்காது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த நச்சு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தமாகவே கணக்கிடும். திரையில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்றிருக்கும். எதிரே அந்த மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அன்று 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்த சீட்டு எத்தனை நாள் செல்லும்? நைட்ரஜன் டை ஆக்சைடைச் சுவாசித்தவருக்குப் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். கார்பன் மோனாக்சைடால் வரும் மறதியும் நடைத் தடுமாற்றமும் சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டலாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி தரும் புற்றுநோய்க்கு 20 வருடங்களுக்கு மேலும் ஆகும்.

நீண்ட கண்காணிப்புக்குச் செலவு அதிகம், ஆட்களும் வேலை மாறிப் போய்விடுவார்கள். இருந்தும் என் தேர்வு அதுதான். 2001-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது அங்கே வேலை செய்த தீயணைப்பு வீரர்களுக்கு, அதற்கு முன்பே எடுத்த ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) அளவுகள் கையில் இருந்ததால்தான், அவர்கள் இழந்த மூச்சை எண்ணில் காட்ட முடிந்தது.

கண்காணிக்க வேண்டியவர்களின் பட்டியல் எழுதும்போது, மறுநாள் சாம்பல் கூட்டிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதலில் எழுதுங்கள்.