டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேலைக்கு 14,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், பெங்களூர் ஆட்கள் கவனம்

நேற்று ராத்திரி சிலிண்டரைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. 14,800 ரூபாய். கொடுத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வண்டி என் அண்ணனுடையது, 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பட்டன் டயர், உயர்த்திய மட்கார்டு, அகலமான ஹேண்டில்பார் எல்லாம் போட்டு மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே மாற்றி வைத்திருந்தார். அவர் துபாய் போன பிறகு நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோலார் பக்கம் எடுத்துப் போவேன். நாலு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம். இருபது, இருபத்தைந்து கிக். கையால் அமுக்கினாலே கிக்கர் தொபக்கென்று இறங்கும். பிளக் மாற்றினேன், கார்புரேட்டர் சுத்தம் செய்தேன், எஞ்சினுக்குள் போன கலவை திரும்பி வராமல் தடுக்கிற ரீட் வால்வின் இதழ்கள் உடையாமல் ஒழுங்காக மூடிக்கொண்டுதான் இருந்தன. சரி, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்தான் போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

பழைய டூ ஸ்ட்ரோக் மட்டும்தான் பார்ப்போம் என்று தினமும் வீடியோ போடுகிற கடை ஒன்று. அங்கே போனேன். நான் திக்கித் திக்கிக் கன்னடத்தில் ஆரம்பித்ததும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே "தமிழா தம்பி? எந்த ஊரு?" என்றார். வேலூர் என்றேன். "எனக்கு ஆம்பூர்ப்பா, நம்ம பையன் வண்டி, நான் பாத்துக்கறேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு டீயில்தான் நான் விழுந்தேன். கம்ப்ரஷன் அளக்கிற கேஜ் போட்டு எவ்வளவு காட்டுகிறது என்று காட்டச் சொல்லவில்லை, பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி வைக்கவும் இல்லை. ரீபோர் (தேய்ந்த சிலிண்டர் துளையை லேத்தில் கடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் செட், கிராங்க் சீல் இரண்டு பக்கமும், கூலி, எல்லாம் சேர்த்து 14,800 என்றார். பத்தாயிரம் அங்கேயே அனுப்பினேன்.

நாலு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. மீதி 4,800 கொடுத்து வண்டியை எடுக்கும்போது என் கண் முன்னால் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சிலிண்டர் ஹெட்டில் கை வைத்தால் சுட்டது, நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அல்சூர் வீட்டு வாசலில் மறுபடியும் இருபத்தைந்து கிக்.

போன் பண்ணினேன். "ரிங் உட்காரணும் தம்பி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டு." ஓட்டினேன். "இப்ப வர்ற பெட்ரோல் சரியில்ல." அப்புறம் "நாளைக்கு வா." நாளைக்குப் போனால் கடைப் பையன் "ஓனர் இல்லா ஸார், ஊரிகே ஹோகிதாரே" (ஊருக்குப் போயிருக்கிறார்) என்கிறான். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இதே பதில். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

நண்பனிடம் கம்ப்ரஷன் கேஜ் வாங்கிப் போட்டேன். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும் வரை உதைத்தால் 80 பிஎஸ்ஐ. ஒழுங்கான எஞ்சினில் 120க்கு மேல் வர வேண்டும். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) விட்டுப் பார்த்தேன், 115க்கு ஏறியது. ஹெட் கேஸ்கட்டில் கசிவு என்றால் இப்படி ஏறாது, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் சிலிண்டரின் உள்துளையான போரும்தான் கோளாறு.

நேற்று கழற்றினோம். 0.50 பிஸ்டன் என்றால் தலையிலேயே அந்த எண் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை, அதே பழைய பிஸ்டன். போரில் பழைய கீறல்கள் அப்படியே இருக்கின்றன, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம் வேறு. லேத் பக்கமே போகவில்லை. ரிங் மட்டும் புதுசு, அதுவும் ஸ்டாண்டர்டு சைஸ். போரில் வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே 0.9 மில்லிமீட்டர்! 0.2, 0.3 இருக்க வேண்டிய இடம் அது. மேக்னெட் பக்கக் கிராங்க் சீல் கட்டைபோல் இறுகிப்போன பழசு. அந்த வழியாகக் காற்று இழுத்தால் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின்சக்கரம் பூட்டியிருந்தால் என் நிலைமை என்ன? ஒரு ரிங் செட்டுக்கு 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என் உயிரோடும் விளையாடியிருக்கிறார் அந்த ஆள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த ஆத்திரத்தில் முடியவில்லை. வேலைக்கு விடும் முன்னும் எடுக்கும்போதும் கேஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புதுப் பிஸ்டனின் தலையை, பூட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிஸ்டனையும் சீலையும் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். வண்டி சூடாக இருந்தால் எடுக்காதீர்கள், ஆறும் வரை அங்கேயே உட்காருங்கள். துண்டுச் சீட்டில் எழுதிய பில்லை ஒத்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் இருப்பது அதுதான்.

நாளைக்குக் காலையில் அந்தச் சிலிண்டரையும் பிஸ்டனையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கடைக்குப் போகிறேன்.