டாகிள் மூடிவிட்டதாகச் சொல்லி அம்மாவிடம் 168 வெள்ளி வாங்கிய கதை

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு விஷயம் சொன்னார். சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் டிவியோடு இணைக்கும் பெட்டி விற்கும் ஒருவர், "நீங்க பார்க்கிற ஆப்பை மூடப்போறாங்க, புதுசுக்கு இப்பவே பணம் கட்டிடுங்க" என்றாராம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. 2020-இல் என் அம்மா ஏமாந்ததும் இதே பேச்சில்தான்.

ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் 2013-இல் தொடங்கிய டாகிள் என்ற ஆப்பில்தான் அம்மா வசந்தம் தமிழ்ச் சேனலைப் பார்ப்பார். ராத்திரி தவறவிட்ட தொடரை மறுநாள் காலை, டேப்லட்டை அரிசி டப்பாமீது சாய்த்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே பார்த்துவிடுவார். 2020 ஜனவரி 30 அன்று டாகிள் என்ற பெயரை எடுத்துவிட்டு மீவாட்ச் என்று மாற்றினார்கள். வசந்தம் நிகழ்ச்சிகள் அதிலும் இலவசம்தான். ஆனால் பழகிய பெயரைக் காணோம் என்றதும் அம்மா பதறிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2019 பிறந்ததும் அனலாக் என்ற பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தினார்கள் அல்லவா, அப்போது எங்கள் பழைய டிவிக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

தேக்காவுக்கு மீன் வாங்கப் போனவர் அங்கே ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். "டாகிளை மூடியாச்சும்மா, இனிமே காசு கட்டினாத்தான் வசந்தம்" என்று சொல்லி, ஒரு கறுப்புப் பெட்டிக்கும் "வாழ்நாள் சந்தா"வுக்கும் சேர்த்து 168 வெள்ளி வாங்கிக்கொண்டார் கடைக்காரர். சாயங்காலம் வீட்டுக்கே வந்து மாட்டியும் கொடுத்தார். மரியாதையான பிள்ளை என்று அம்மா அவருக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாராம். அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

வார இறுதியில் நான் போய்ப் பார்த்தேன். பெட்டியில் இருந்தவை இரண்டே ஆப். ஒன்று, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய மீவாட்ச். மற்றது சென்னை சேனல்களைத் திருட்டுத்தனமாகக் காட்டும் ஏதோ ஒன்று. கடைக்காரரிடம் பணத்தைக் கேட்டால், "சந்தா போட்டாச்சு, திருப்ப முடியாது" என்றார். ஏப்ரல் 7-இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கிக் கடை மூடியது. சில நாளில் அந்தத் திருட்டு ஆப்பும் நின்றது. ஜூனில் போனால் கதவில் வாடகைக்கு என்று தாள் ஒட்டியிருந்தது. கைப்பேசி எண்ணும் உயிரோடு இல்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் யார்மீது போடுவது? ரசீதில் கடைப்பெயர் மட்டும்தான், நிறுவனப் பதிவு எண் இல்லை. தயவுசெய்து பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். அப்புறம், இப்படித் திருட்டு ஒளிபரப்புக்காகப் பெட்டி விற்பது 2021 நவம்பரில் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை.

ஆப்கள் மூடுவதும் பெயர் மாறுவதும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. 2024 நவம்பரில் இங்கே படமும் தொடரும் பார்க்கும் ஹெச்பிஓ கோ ஆப் போய் மேக்ஸ் வந்தது, 2025 ஜூலையில் அதுவே ஹெச்பிஓ மேக்ஸ் ஆனது. ஒவ்வொரு முறையும் வயசானவர்கள் குழம்பும் அந்த நாலு நாள்தான் இந்த ஆட்களுக்கு வேண்டியது. உங்கள் அம்மா அப்பாவுக்கு இன்றே ஒரு போன் போட்டு, எந்த ஆப் காணாமல் போனாலும் முதலில் உங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த ரசீதை நான் தூக்கிப் போடவில்லை. நீல மை, 8-ஐ இரண்டு தனி வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று போட்டிருப்பார். அதே கையெழுத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு ரசீது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.