பழைய பொருளை ஆன்லைனில் விற்பது: நேரில் கொடுப்பதா, பார்சலில் அனுப்புவதா, ஏலம் விடுவதா?

பழைய பொருள்களை வாங்கி விற்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, 'எந்தத் தளத்தில் கமிஷன் குறைவு?' என்பதுதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பொருளைத் தேடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பது. அக்கம்பக்கத்திலேயே பத்துப் பேர் இருப்பார்களா, எங்கோ தொலைவில் ஒரே ஒருவர் இருக்கிறாரா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசை, வாஷிங் மெஷின், குழந்தைகள் சைக்கிள் எல்லாம் முதல் வகை. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற உள்ளூர் விளம்பரத் தளங்களே இவற்றுக்குப் பொருத்தம். வாங்குபவர் வருவார், பார்ப்பார், பணத்தைக் கொடுத்து எடுத்துச் செல்வார். கமிஷன் பெரும்பாலும் கிடையாது; பேக்கிங் வேலையும் இல்லை.

இதே பொருள்களைப் பார்சலில் அனுப்ப நினைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பரவலான முறை. 3 கிலோ மேசை விளக்கை 50 x 40 x 30 அளவுள்ள பெட்டியில் வைத்தால், 12 கிலோவுக்குக் கட்டணம் கட்ட வேண்டிவரும். லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

நேர்விற்பனையில் பொறுமையைச் சோதிப்பவர்கள் மனிதர்கள்தான். 'இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள், வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், பேசி முடித்த விலையை வாசலில் நின்று மறுபடியும் குறைப்பவர்கள். அளவு என்ன, தூக்கிச் செல்ல எத்தனை பேர் வேண்டும், எந்த நேரத்தில் வரலாம் என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் இந்தக் கூட்டம் பாதியாகக் குறையும். யாருக்காகவும் எடுத்துவைக்காதீர்கள், முதலில் வருபவருக்கே பொருள்.

பணம் வந்துவிட்டதா என்பதை உங்கள் கணக்கைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் சான்றாகாது. பணம் பெறுவதற்காக ஓடிபியையோ ரகசிய எண்ணையோ யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவரோடு பேச்சை அப்போதே முறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஒரே ஒருவருக்கான பொருள்கள். பழைய கேமரா லென்ஸ், உற்பத்தி நின்றுபோன இயந்திரத்தின் உதிரி பாகம், தொகுதி வரிசையில் விடுபட்ட ஒரு புத்தகம். இவற்றை உள்ளூர்த் தளத்தில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்; ஈபே போன்ற பெரிய விற்பனைத் தளத்தில் போட்டு, பார்சலில் அனுப்ப வேண்டியவை இவை. பியர் ஒமிட்யார் 1995இல் தொடங்கிய தளம் பின்னாளில் ஈபே ஆனது. அதில் விற்ற முதல் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்குப் போனது. அது வேலை செய்யாது என்று தெரியுமா என ஒமிட்யார் கேட்டபோது, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று வாங்கியவர் சொன்னதாக ஈபே கூறுகிறது. அப்படிப்பட்டவரைச் சென்றடையும் வலைவீச்சுக்குத்தான் பெரிய தளங்கள் கமிஷன் வாங்குகின்றன. அரிய பொருளுக்கு அந்தக் கமிஷனைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆனால் தொலைவில் இருப்பவரால் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. பழைய கார்ச் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கியது இதைத்தான். நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விவரம்தான் விலை என்பது.

'நல்ல நிலையில் உள்ள லென்ஸ், எந்தக் குறையும் இல்லை' என்ற விளம்பரத்தை இதனோடு ஒப்பிடுங்கள்: '50 மி.மீ. லென்ஸ். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், பூஞ்சை இல்லை. உள்ளே இரண்டு தூசித் துகள்கள் உண்டு, எடுத்த படங்களில் தெரிவதில்லை. ஃபோகஸ் வளையம் தடையின்றிச் சுழல்கிறது. முன்விளிம்பில் ஒரு கீறல், நான்காவது படத்தில் காணலாம். மூடி இல்லை.' இரண்டாவதில்தான் குறைகள் அதிகம். நானாக இருந்தால் அதற்குத்தான் கூடுதல் விலை கொடுப்பேன். பொருளைத் திருப்பி அனுப்பும் தகராறும் அதில்தான் குறைவு. சீரியல் எண்ணைப் படமெடுத்து, பேக் செய்வதை வீடியோவாகவும் எடுத்து வைத்திருங்கள். வேறொரு பழுதான பொருளை மாற்றித் திருப்பி அனுப்பும் ஆசாமிகளும் உண்டு.

ஏலமா, நிலையான விலையா என்பதில் பலர் ஏலத்தின் பரபரப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். ஈபே ஏலத்தில் ஒவ்வொருவரும் தன் உச்ச விலையை ரகசியமாகப் பதிவுசெய்யலாம். தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளம் அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே விலை நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள். ஒருவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும், அவரோடு மோத இன்னொருவர் இல்லையென்றால் தொடக்க விலைக்கே பொருள் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு பேராவது துடிக்கும் பொருளுக்கு ஏலம் நல்லது: சேகரிப்பாளர்கள் போட்டியிடும் நாணயம், விலையைக் கணிக்கவே முடியாத அபூர்வம். மற்றதற்கெல்லாம் நிலையான விலையையே நான் பரிந்துரைப்பேன். விலையை முடிவுசெய்ய மற்றவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி ஈபேயில் உண்டு. கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை.

கமிஷனுக்கு வருவோம். உடைகளுக்குப் பேர்போன வின்டெட் தளம், விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை; வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணமாக வசூலிக்கிறது. அதேபோல் உடைகளுக்கான போஷ்மார்க் தளம் அமெரிக்காவில் 15 டாலருக்கு மேற்பட்ட விற்பனைகளில் 20 சதவீதத்தை விற்பவரிடம் எடுத்துக்கொள்கிறது. முதலாவது இலவசம் போலத் தோன்றும். ஆனால் வாங்குபவர் மனத்தில் கணக்குப் போடுவது எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை. கட்டணம் யார் பெயரில் இருந்தாலும் அது உங்கள் விலையைக் கொஞ்சம் கீழே இழுக்கத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது, எல்லாம் போக உங்கள் கைக்கு வரும் தொகையை. வாங்கி விற்பவர்கள் அட்டைப்பெட்டியையும், அலைந்த நேரத்தையும், திரும்பி வரக்கூடிய ஒன்றிரண்டு பார்சல்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

செல்போன், லேப்டாப் இரண்டுக்கும் இன்னொரு வழி உண்டு: பழையதை நேரடியாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள். விலை குறைவுதான்; ஆனால் பேரம், சந்திப்பு, மோசடி பயம் எதுவும் இல்லை. இணையத்தில் காட்டும் தொகை தற்காலிகமானது, பரிசோதித்த பிறகு குறைக்கப்படலாம் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள். பேட்டரி தளர்ந்த, திரை கீறிய போனுக்கு இதுவே மேல். நல்ல நிலையில் இருக்கும் போனை நேரில் சந்தித்து விற்பதே என் தேர்வு. *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காட்டினால் வாங்குபவரின் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். எந்த வழியில் விற்றாலும் முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கிவிட்டு, ஐபோனானால் தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். உங்கள் கணக்கோடு போனைப் பிணைத்திருக்கும் பூட்டு விடுபடாமல் போனால், வாங்கியவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார். அதைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் பணத்தை வைத்துக்கொள்ளவும் முடியாது.