கொப்பியாவோ: உழைப்பா, களைப்பா?

பாடுபடுவதைச் சொல்லப் பழங்கிரேக்கத்தில் பல வினைச்சொற்கள் உண்டு. அவற்றுள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது கொப்பியாவோ. 'அடி, வெட்டு' எனப் பொருள்படும் கொப்தோவில் பிறந்தது கொப்போஸ் என்ற பெயர்ச்சொல். அதன் வழியே வந்தது இது. உடம்பை அடித்துப் போட்டது போல இருக்கிறது என்று சொல்கிறோமே, அந்த நிலைதான் இதன் வேர்.

எனவே களைத்துப்போதலும் இதுதான், களைக்கும்வரை உழைத்தலும் இதுதான். கிரேக்கத்தில் எழுதப்பட்ட யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்திலேயே இரண்டையும் பார்க்கலாம். 6ஆம் வசனத்தில் நடந்து களைத்த இயேசு கிணற்றருகே உட்காருகிறார். 38ஆம் வசனத்தில், மற்றவர்கள் பாடுபட்டார்கள், அதன் பலனில் நீங்கள் நுழைந்தீர்கள் என்கிறார். வினை ஒன்றே.

மற்ற வினைகளில், எர்காட்சொமாய் வெறுமனே வேலை செய்வது; அதில் வலி இல்லை. பொனெயோ நெருங்கி வருகிறது, ஆனால் மெல்ல வலிப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் 'பொனாயோ' என்றால் வலிக்கிறது என்றே பொருள். காம்னோவின் கதை விந்தையானது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரிடம் உழைத்து ஓய்ந்தவர்கள் என்ற அதன் வடிவம் இறந்தவர்களைக் குறிக்கும். மருத்துவ நூல்களில் அது நோயாளி. இன்றோ 'கானோ' ஆகிச் 'செய்' என்ற சாதாரணச் சொல்லாகிவிட்டது.

கொப்பியாவோவுக்குத் தமிழில் எதை வைப்பது? பழைய தமிழ் வேதாகமம் இடத்துக்கேற்ப மாற்றியது: காட்டுப் புஷ்பங்கள் 'உழைக்கிறதுமில்லை'; இரவெல்லாம் வலை போட்ட பேதுரு 'பிரயாசப்பட்டும்' ஒன்றும் அகப்படவில்லை; மத்தேயு 11:28இல் 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே'. பிரயாசம் முயற்சியைச் சொல்கிறது, முதுகுவலியைச் சொல்லவில்லை. வருத்தம்தான் மிகச் சரியான சொல்லாக இருந்தது; 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் அது உடலுழைப்பு. இன்று அதை மனக்கவலையாகவே கேட்கிறோம். தோள் காய்த்த சுமைகாரர் அந்த வசனத்திலிருந்து மறைந்துவிடுகிறார். அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

என் தேர்வு 'பாடுபடு'. உழைப்பும் துன்பமும் அதில் ஒட்டியே இருக்கின்றன; கிறிஸ்துவின் துன்பங்களையும் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். கிணற்றடியில் மட்டும் அது பொருந்தாது. அங்கே 'களைத்து' என்றுதான் எழுத வேண்டும்.

சைப்ரஸில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்தால் 'கொப்பியாஸ்தே!' என்று அழைப்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சிரமம் எடுத்துக்கொள்ளுங்கள்'. அவர்கள் சொல்வது, வாருங்கள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.