30 பவுண்டு என்று ஒட்டி விற்ற தங்கூசி

சேலத்தில் தூண்டில் சாமான் வாங்குகிறவர்கள் வீட்டில் கிடக்கும் தங்கூசி (தூண்டில் நரம்பு) ஸ்பூலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நீல லேபிள், துள்ளுகிற மீன் படம், பெரிய எழுத்தில் 30 பவுண்டு (தாங்கும் எடை), 0.55 மி.மீ. (பருமன்), 500 மீட்டர் (நீளம்). எந்த நாட்டுச் சரக்கு, யார் இறக்குமதி செய்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் கடைசி வரை படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

பையன் வான்கூவரில் இருக்கிறான். நாங்கள் அங்கே போவதாக முடிவானதும், "அப்பா, தெரிஞ்சவர் ஒருத்தர் போட் வெச்சிருக்கார், சால்மனுக்குப் போலாம். முப்பது பவுண்டு மோனோ ரெண்டு ஸ்பூல் எடுத்துட்டு வந்துடுங்க" என்றான். மோனோ என்றால் ஒற்றை இழை நைலான் நரம்பு. அங்கே விலை அதிகம், இங்கே கிடைக்குமே என்ற கணக்கு.

கடைக்காரர் முதலில் பிரெய்டை, அதாவது பல இழை பின்னிய நூலை, எடுத்துப் போட்டார். "சால்மனுக்கெல்லாம் பிரெய்டுதாங்ண்ணா, மோனோ பழைய காலம்." டவுன்ரிக்கரில் போடப் போகிறேன் என்றேன். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை, மேட்டூரில் யாரும் டவுன்ரிக்கர் போடுவதில்லை. தெரியாமலே "அதுக்கும் இதுதாங்ண்ணா பெஸ்ட்டு" என்றாரே, அங்கேதான் இடித்தது.

டவுன்ரிக்கர் என்பது படகு விளிம்பில் பொருத்தும் சின்ன வின்ச், கேபிளை இறக்கி ஏற்றும் உருளை. அதன் தனிக் கேபிளில் 10 முதல் 15 பவுண்டு வரை எடையுள்ள குண்டு தொங்கும். குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப். நம் தூண்டில் ராடிலிருந்து வரும் நரம்பை அந்தக் கிளிப்பில் கவ்வ வைத்து, குண்டோடு சேர்த்து 100 அடி, 150 அடி என்று இறக்கிவிட்டு, படகை இரண்டு மூன்று நாட் வேகத்தில் மெதுவாக ஓட்டுவார்கள். சினூக் சால்மன் பெரும்பாலும் அந்த மாதிரி ஆழத்தில் திரியும். ராடு வில்லாக வளைந்து நிற்கும். மீன் அடித்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும், ராடு சடாரென்று நிமிரும். அந்த நொடியில் நரம்பு தொய்யக் கூடாது. பசிபிக் கரையில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில்தான் போட வேண்டும் என்பது கனடா சட்டம், தொய்ந்தால் மீன் கழன்றுகொள்ளும்.

இந்த வேலைக்கு மோனோ ஏன் என்றால், அது கொஞ்சம் நீளும். மீன் மோதுகிற அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், மீன் வாயைக் கிழிக்காது. கிளிப்பிலும் ஒழுங்காக நிற்கும். பிரெய்டு மெலிசு, வழவழப்பு. கிளிப்பில் நழுவும், நழுவக் கூடாதென்று இறுக்கினால் நூல் பிரியும். பிரெய்டுதான் வேண்டும் என்பவர்கள் முன்னால் கொஞ்ச நீளம் மோனோ கட்டிக்கொள்வார்கள். அங்கே 25, 30 பவுண்டு மோனோ என்பது சாதாரணப் பழக்கம். இதெல்லாம் தெரிந்துதான் பிரெய்டு வேண்டாம் என்றேன். "அப்போ இந்த மோனோ எடுங்க, இம்போர்ட்டட்" என்று நீல லேபிளை நீட்டினார். ஒரு ஸ்பூல் 1,150 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

படகுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக அங்கே சால்மன் பிடிக்கிறவர். ரீலில் சுற்றும்போதே நரம்பை விரலிடுக்கில் விட்டுப் பார்த்து, "ஐயா, இது முப்பது எண்டு சொன்னவங்களோ?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டார், மரியாதைக்கு. குண்டை இறக்கி ராடு வளைந்ததும் முதல் அடி வந்தது. ராடு நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்தில் நரம்பு லேசாகிப் போனது. சுற்றி எடுத்துப் பார்த்தால், கிளிப் கவ்வின இடத்தில் நசுங்கி, வெள்ளையாக வெளுத்து, அங்கேயே அறுந்திருந்தது. நல்ல மோனோவிலும் கிளிப் தடம் விழும், ஆனால் இப்படி நசுங்காது. மீனோடு அவருடைய ஃப்ளாஷரும் (மீனை இழுக்கும் பளபளத் தகடு) இரையும் போயின. அடுத்த தடவை ட்ராகை (ரீலின் இறுக்கத்தை) தளர்த்தி வைத்தும் அதே கதை. பிறகு அவருடைய ரீலில்தான் பிடித்தோம். ஃப்ளாஷருக்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சங்கடம்தான் எனக்கு 1,150 ரூபாயைவிடப் பெரிசு.

இன்னொரு ஸ்பூல் பிரிக்காமல் அப்படியே திரும்பி வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் நண்பன் ஒருவன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். வெள்ளிக் கம்பி இழுக்கிற இடத்தில் மைக்ரோமீட்டர் இல்லாமலா இருக்கும்? நரம்பை நசுக்காமல் மெதுவாகப் பிடித்து நாலு இடத்தில் அளந்தான். 0.40. மறுபடி அளந்தான். அதே 0.40. லேபிளில் 0.55. என்னிடம் இருந்த நல்ல 30 பவுண்டு நரம்பைக் கொடுத்தேன், அது 0.56 காட்டியது. ஆக மைக்ரோமீட்டரில் கோளாறு இல்லை.

"மாப்ள, நீளத்தையும் பாத்துருவோமா?" என்றான். மீட்டர் மீட்டராக அளக்க வேண்டாம், தராசு போதும். நைலான் ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.14 கிராம். 0.55 மி.மீ. பருமனில் 500 மீட்டர் என்றால் ஏறக்குறைய 135 கிராம் வர வேண்டும். நரம்பை முழுக்கப் பிரித்து வெள்ளி நிறுக்கிற தராசில் வைத்தோம். 43 கிராம். 0.40 பருமனுக்கு அது 300 மீட்டர்தான். ஸ்பூலின் நடுத்தண்டு வேண்டுமென்றே தடிமனாகச் செய்யப்பட்டிருந்தது, பார்வைக்கு நிறைய இருப்பதுபோல் தெரிவதற்கு.

கடைசியாக இழுவை. லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசில் இரண்டு நரம்பையும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டு இழுத்தோம். 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ. முடிச்சு போட்டால் எந்த நரம்பும் கொஞ்சம் பலம் இழக்கும், அது நியாயம். நல்ல நரம்பு 11 கிலோவில் அறுந்தது. நீல லேபிள் 6 கிலோவைத் தாண்டவே இல்லை.

கடைக்குப் போனேன். ஸ்பூலையும் அளவுகளையும் காட்டினேன். "பிரிச்ச ஐட்டம் ரிட்டன் எடுக்க மாட்டோம்ங்ண்ணா." பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படிப் பார்ப்பதாம்? அடுத்து, "கனடா குளிருக்கு நைலான் வெடுக்குனு ஒடஞ்சிரும்" என்றார். இந்த ஸ்பூல் சூட்கேஸை விட்டு வெளியே வரவில்லை, அளந்தது செவ்வாய்ப்பேட்டையில் என்றேன். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்: "மேட்டூர் போறவங்க எத்தனையோ பேர் வாங்குறாங்க, ஒருத்தரும் கம்ப்ளைண்ட் சொன்னதில்லை."

அதை நான் நம்புகிறேன். மேட்டூரில் நாம் பெரும்பாலும் பிடிப்பது ஜிலேபி, இரண்டு மூன்று கிலோ ரோகு. அதற்கு 6 கிலோ தாங்கும் நரம்பு போதும். எப்போதாவது பெரிய கட்லாவோ வாளையோ மாட்டினால் அறுத்துக்கொண்டு போய்விடும். நாமும் ஊர் வந்து "இம்மாம் பெரிசு, முப்பது பவுண்டு நரம்பையே அறுத்துட்டுப் போச்சு" என்று பெருமையாகச் சொல்லுவோம். கடைக்காரருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? தப்பிப்போன மீனின் எடை கூடக்கூட, போலி நரம்பின் பெயரும் கூடுகிறது. டவுன்ரிக்கர் கிளிப் கவ்வின பிறகுதான் எனக்கே இந்தச் சரக்கின் லட்சணம் வெளியே தெரிந்தது.

பட்டறை, மைக்ரோமீட்டர் எல்லாம் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே பார்க்கலாம். பெரிய பக்கெட் கைப்பிடியில் நரம்பின் ஒரு முனையைக் கட்டுங்கள். மறு முனையை உருட்டுக்கட்டையில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, பக்கெட் தரையிலிருந்து நாலு விரல் மட்டும் தூக்கலாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு லிட்டர் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. பக்கெட் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 என்று எழுதின நரம்பு ஆறேழு லிட்டரிலேயே அறுந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. கையில் வெறுமனே சுற்றிக்கொண்டு இழுத்துப் பார்க்காதீர்கள், தங்கூசி தோலை அறுத்துவிடும்.

பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி, இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் மேலே இருக்க வேண்டும். இல்லாத ஸ்பூலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அளவு குறைவு என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன், எடையளவுப் பிரிவுக்கும் மனு போயிருக்கிறது. என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டும், பணம் அனுப்பிய ஜிபே ரசீதும்தான். அந்த ரசீதில் கடையின் பெயரும் தேதியும் இருப்பதால் அதுவே கை கொடுக்கும் என்று நினைக்கிறேன்.

இதே நீல லேபிள் வாங்கினவர்கள் காலி ஸ்பூலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளோடு படம் எடுத்து, வாங்கின தேதியோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒருவர் சொன்னால் "நீங்க பயன்படுத்தின விதம் சரியில்லை" என்பார்கள், நாலைந்து பேர் சேர்ந்து போனால் அந்தப் பேச்சு எடுபடாது.